அறுபதில் நின்ற திருகாணி

அக்கா,

தையல் மெசின் எண்ணெயின் மணம் இன்னும் விரல்களில் இருக்கிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. கீரை ஆயும்போதும் மணந்தது, சாமிக்குப் பூ எடுக்கும்போதும் மணந்தது. பிள்ளையார் கோபிக்க மாட்டார். அவருக்கு உங்களைத் தெரியும்.

மழை விட்டுவிட்டது. வானம் தை மாதத்துத் தெளிவுக்கு வந்திருக்கிறது. இன்று காலை மொட்டைமாடிக்குப் போய், மழைக்குப் போர்த்தியிருந்த படங்கை விலக்கி, தொலைநோக்கியைச் சுமக்கும் இரும்புத் தாங்கியின் பக்கத்திலிருக்கும் அந்தத் திருகாணிக்கு எண்ணெய் விட்டேன். மாலைவரை ஊற வேண்டும். நீங்கள் உங்கள் கையால் கடைசியாக இறுக்கிய ஆணி அது. இளக்க எனக்குக் கை வரவில்லை. வேறு யாரிடம் சொன்னாலும், ஓர் ஆணிக்கு இவ்வளவு கதையோ என்று கேட்பார்கள். உங்களிடம் சொல்லலாம். எண்ணெய் ஊறும்வரை உங்களோடு கதைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் உங்களைச் சட்டை தைக்கிற அக்காவாகத்தான் தெரியும். குருநகரில் கடற்றொழில் செய்த குடும்பத்தில் பிறந்து, கொக்குவிலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, கணவர் காலமான பின் திருநெல்வேலிச் சந்தைப் பக்கத்தில் தையல் கடை போட்டு, ஒரே மகனைப் படிப்பித்தீர்கள். அவன் நோர்வேக்குப் போனான். அங்கே ஒரு பனிக்காலத்தில், வேலை முடிந்து வரும் வழியில், வாகனம் சறுக்கிப் போய்விட்டான். உங்களுக்கு விசா கிடைக்கவில்லை. அடக்கத்தைக் கைத்தொலைபேசியில்தான் பார்த்தீர்கள். தொலைபேசியை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு, அவனோடு தங்கியிருந்த நண்பன் அவனுடைய சாமான்களைக் கப்பலில் அனுப்பிவைத்தான். உடுப்புகள், ஒரு மடிக்கணினி, தொலைநோக்கி, கமரா, இந்தத் தாங்கி. பெட்டிகளை உடைத்த அன்றே எங்கள் வாசற்படலையில் வந்து நின்றீர்கள்.

“பிள்ளை, கோயில் கணக்கைக் கொம்பியூட்டரிலை எழுதுற ஆள் நீர்தானே. ஒருக்கா வந்து இதையும் பாரும்.”

“அது வரவு செலவு, அக்கா. உது வேறை.”

“எல்லாம் உந்தப் பெட்டிக்குள்ளைதானே கிடக்குது. வாரும்.”

அன்றைக்குத்தான் அவன் அனுப்பியிருந்த குரல்பதிவை எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். “அம்மா, அப்பு கடலுக்குப் போகேக்கை பாக்கிற ஆறுமீன் கூட்டத்தைப் படம் எடுக்கிறன். பாதிதான் முடிஞ்சுது. முடிஞ்சாப்போலை அனுப்புறன்.” உங்கள் தகப்பனார் ஆறுமீன் என்று சொன்னதும் நாங்கள் கார்த்திகை என்று கும்பிடுவதும் ஒரே நட்சத்திரக் கூட்டம்தான். குரல்பதிவு முடிந்ததும் தொலைபேசியை மடியில் வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: “பாதியிலை விட்ட சட்டையை நான் ஒருத்தருக்கும் குடுத்ததில்லை. மிச்சத்தை நான் முடிக்கப் போறன்.”

அப்படித்தான் தொடங்கியது. எனக்கும் ஒன்றும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இந்த வகைப் படம் ஒரே சொடுக்கில் வருவதில்லை என்பதையே நான் இணையத்தில் தட்டுத்தடுமாறி வாசித்துத்தான் அறிந்தேன். ஒரே இடத்தைப் பலமுறை எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக மென்பொருளில் அடுக்க வேண்டும். அப்போதுதான் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஒளிப்புகை மேலே வரும். உங்கள் மகன் எடுத்த படங்கள் மடிக்கணினியில் வரிசையாக இருந்தன. அதே கமராவால் நாமும் எடுத்தால், அவனுடைய அடுக்கோடு நம்முடையதையும் சேர்க்கலாம்.

முதல் தடங்கல் கமராவை மடிக்கணினி கண்டுகொள்ளாததுதான். கமரா இல்லை, கமரா இல்லை என்று திரை திரும்பத் திரும்பச் சொன்னது. “கண்ணுக்கு முன்னாலை நிக்குது, இல்லையெண்டு சொல்லுதே. உதுக்குக் கண் தெரியாதோ?” என்று நீங்கள் அதனுடன் சண்டை பிடித்தீர்கள். கோயில் கணக்கு ஒத்துவராவிட்டால் நான் எல்லாவற்றையும் கலைத்துப் போட மாட்டேன். ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பேன், சரிவராவிட்டால் அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததைப் பார்ப்பேன். இதற்கும் அப்படியே செய்தேன். கடைசியில் பிழை வயரில் இருந்தது. அது உங்கள் தொலைபேசியின் சார்ஜர் வயர். மின்சாரம் மட்டும் போகும், படம் போகாது. பலாலி வீதி பஸ்ஸில் ஏறி, திருநெல்வேலியில் வேறு வயர் வாங்கி வந்தோம். கமராவில் சின்னச் சிவப்பு வெளிச்சம் வந்தபோது நீங்கள் சிலுவை அடையாளம் இட்டீர்கள். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இரண்டு மதத்துக்கும் நன்றி சொல்லிவிட்டு ரொட்டி சாப்பிட்டோம்.

அடுத்த பிழை முழுக்க என்னுடையது. நல்ல காரியத்தை நல்ல நாளில் தொடங்க வேண்டும் என்று நான்தான் பஞ்சாங்கம் பார்த்தேன். கார்த்திகை நட்சத்திரத்தைப் படம் எடுக்கக் கார்த்திகை விளக்கீட்டை விட நல்ல நாள் ஏது? அன்று மழையும் ஒதுங்கியிருந்தது. வீட்டு வாசலில் விளக்குகளை ஏற்றிவிட்டு ஓடி வந்தேன். படம் முழுக்கப் பால் ஊற்றியது போல வெளுத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தால், நட்சத்திரக் கூட்டத்துக்குப் பக்கத்திலேயே முழுநிலவு. விளக்கீடு என்பதே நிலவு நிறைந்து கார்த்திகையோடு நிற்கும் நாள்தானே! பிறந்த நாள்முதல் அந்த நாளுக்கு விளக்கு வைக்கிறேன், வைத்துக்கொண்டே அதை மறந்துபோனேன்.

நீங்கள் சிரித்த சிரிப்பில் ஒழுங்கை நாய் குரைத்தது. “உங்கடை கார்த்திகைப் பெண்கள் விளக்குப் பிடிச்சுக்கொண்டு நிக்கினம், பிள்ளை. இண்டைக்கு அவையின்ரை முகம் தெரியாது.”

மழை முடிந்து தை பிறந்தது. அந்தி மங்கும் நேரத்திலேயே கூட்டம் உச்சிக்குப் பக்கத்தில் நின்றது. நிலவு இல்லை, முகில் இல்லை. ஆனாலும் படத்தில் ஒரு நட்சத்திரமும் புள்ளியாக விழவில்லை. எல்லாம் கோடு கோடாக இழுபட்டன. தாங்கிக்குள் இருக்கும் மோட்டார் வானம் நகரும் வேகத்தில் தொலைநோக்கியைத் திருப்ப வேண்டும். அது திரும்பிக்கொண்டுதான் இருந்தது. இருந்தும் நட்சத்திரங்கள் வேறொரு பக்கத்தால் ஓடின. பாரத்தைச் சமப்படுத்தினேன், வயரைத் தளர்த்தினேன், மென்பொருளில் நாட்டையும் நேரத்தையும் திருத்தினேன். ஒவ்வொன்றாக, ஒவ்வொரு மாலையாக. கோடு மாறவில்லை.

தாங்கியின் அச்சு வடதுருவ நட்சத்திரத்தை நேராக நோக்க வேண்டும் என்று பிறகு வாசித்தேன். எங்களுக்கு அது அடிவானத்தோடு கிடக்கும், பக்கத்து வளவுப் பனைகள் மறைத்துவிடும். ஆனால் வானத்தில் மூன்று இடங்களைப் படம் எடுத்துக் கொடுத்தால், அச்சு எவ்வளவு பிசகியிருக்கிறது என்று மென்பொருளே சொல்லும். எடுத்துக் கொடுத்தேன். ஐம்பது பாகை என்றது. கணக்கில் பெரிய வித்தியாசம் வரும்போது, அதே தொகை எங்காவது முழுதாக ஒளிந்திருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன். டோர்ச்சை அடித்துத் தாங்கியின் பக்கத்திலிருந்த அளவுகோலைப் பார்த்தேன். முள் அறுபதில் நின்றது. யாழ்ப்பாணத்துக்குப் பத்து. வடக்கே போகப் போக அந்த நட்சத்திரம் வானத்தில் உயர்ந்து நிற்கும். உங்கள் மகன் நோர்வேயின் உயரத்துக்கு வைத்து இறுக்கிய தாங்கி, கொக்குவிலில் நின்றுகொண்டும் நோர்வேயின் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

“அக்கா, பிடிச்சிட்டன்! இந்த ஆணியை இளக்கிப் பத்துக்குக் கொண்டு வந்தாச் சரி.”

என் சந்தோசத்தில் உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. கையை நீட்டியபோதுதான் உங்கள் குரல் கேட்டது.

“அதைத் தொடாதையும்.”

நான் கையை எடுத்தேன்.

“அது அவன் இறுக்கினது, பிள்ளை. உடுப்பெல்லாம் ஆரோ தோய்ச்சுத்தான் அனுப்பியிருக்கினம். கொம்பியூட்டரை நீர் சீலையாலை துடைச்சுப்போட்டீர். இது ஒண்டுதான் அவன் விட்டபடி கிடக்குது.”

ஆணியை இளக்காமல் படம் இல்லை. இளக்கினால், அவன் கை வைத்த இடம் இல்லை. உங்களை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்து சோறு போட்டேன், பிசைந்தபடியே வைத்துவிட்டீர்கள். நீங்கள் போன பிறகு இவரிடம் சொன்னேன். என் மனுசர் எதையும் பகிடியாகத்தான் எடுப்பார், ஆனால் அன்றைக்கு நீங்கள் வைத்துப் போன கோப்பையை அவரே எடுத்துக் கழுவினார்.

வேறு வழி இருந்தால் அதைத் தேடுவது என் கடமை என்று நினைத்தேன். ஆணியைத் தொடாமல் தாங்கி முழுவதையும் வடக்குப் பக்கம் சரித்தால் என்ன? இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அது பெரிய யோசனையாகத் தெரிந்தது. உங்கள் மாடியில், தாங்கி நிற்கும் முக்காலியின் தெற்குக் காலுக்குக் கீழே கல்லை அடுக்கினோம். மேலும் அடுக்கினோம். தண்ணீர்த் தாங்கியில் கயிற்றைக் கட்டி இழுத்து நிறுத்தினோம். உதவிக்கு வந்த இவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

“என்னப்பா, நோர்வேயை இஞ்சை இழுத்துக்கொண்டு வரப் போறியளோ? உந்தக் கல்லுக் காணாது.”

“நீங்கள் சும்மா நிக்காமல் கயித்தைப் பிடியுங்கோ.”

அவர் பிடித்ததும் நல்லதாகப் போயிற்று. மேல்கல் வழுகியது. முக்காலி சாய்ந்தது. தொலைநோக்கி நிலத்தில் மோதுமுன் இவர் நெஞ்சில் ஏந்திக்கொண்டார். சட்டை கிழிந்து, முழங்கையில் இரத்தம். நீங்கள் ஓடி வந்து முதலில் இவரின் முழங்கையைத்தான் பார்த்தீர்கள், தொலைநோக்கியை அல்ல. அதை அவர் இன்றைக்கும் சொல்வார்.

அந்தச் சட்டையைத் தைத்துத் தருகிறேன் என்று வாங்கிப் போனீர்கள். அடுத்த நாள் காலை அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். மறு கையில் தையல் மெசின் எண்ணெய்ப் போத்தல்.

“இராத்திரி உந்தச் சட்டையைத் தைக்கேக்கை மெசினின்ரை நூல் இறுக்குற ஆணியைப் பாத்தன். கனவருசமாத் திருகித் திருகி அதின்ரை புரி மினுங்குது. திருகாத ஆணி மினுங்காது. வாரும், மேலை போவம்.”

மாடியில் குந்தியிருந்து, கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டு, அந்தத் திருகாணியை நெடுநேரம் பார்த்தீர்கள். வெளியே தெரிந்த புரியில் கறுப்புப் பூச்சுத் தேய்ந்து வெள்ளி தெரிந்தது. அளவுகோலின் ஓரத்திலும் கீறல்கள் இருந்தன, அறுபதுக்கு மேலும் கீழும்.

“பாத்தீரே? இவன் இதை ஒருக்கா இறுக்கிப்போட்டு விடேல்லை. ஒவ்வொரு நாளும் வெளியிலை கொண்டுபோய் வைக்கேக்கை இளக்கித்தான் இறுக்கியிருக்கிறான். இது இளக்கிறதுக்குத்தான் கிடக்குது, பிள்ளை. நான்தான் இதைத் தொடக்கூடாத திருப்பண்டமாக்கிப்போட்டன்.”

கப்பலில் வந்த காலத்து உப்புக்காற்றும் மாடியின் மழை ஈரமும் அதைக் கடித்து வைத்திருந்தன. எண்ணெய் விட்டுவிட்டு மாலைவரை காத்திருந்தோம். மாலையில் நான் மேலே இருந்த பாரத்தைத் தாங்கிப் பிடித்தேன். நீங்கள் திருகினீர்கள். முதலில் அசையவில்லை. “விடு மோனை,” என்று மெல்லச் சொன்னீர்கள், ஆணிக்குச் சொன்னீர்களோ மகனுக்குச் சொன்னீர்களோ. கிறீச் என்று ஒரு சத்தம். பிறகு சுற்றுச் சுற்றாக இளகி, தாங்கியின் தலை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து பத்துக்கு வந்தது. நீங்களே இறுக்கினீர்கள். எதிர்ப்பக்கப் பாரக்கட்டி முக்காலியின் காலில் முட்டியது. காலைத் திருப்பி வைத்தோம். அதற்குப் பிறகு வந்த முதல் படத்தில் நட்சத்திரங்கள் வட்டமாக இருந்தன.

“ஊசி குத்தின ஓட்டை மாதிரி,” என்றீர்கள். உங்கள் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது.

பிரச்சினைகள் அதோடு முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு மாலையும் இரண்டொரு படத்தில் நட்சத்திரங்கள் இரட்டையாக விழுந்தன. மோட்டாரைச் சந்தேகித்தோம், காற்றைச் சந்தேகித்தோம், நீங்கள் என் நடையைக்கூடச் சந்தேகித்தீர்கள். “யானை மாதிரி நடக்காதையும்” என்று என்னைக் கதிரையில் இருத்தினீர்கள். இருந்தும் விழுந்தது. கடைசியில் இவர்தான் படியில் நின்று கேட்டார்: “கோச்சி போகுதெல்லோ, உங்களுக்குக் கேக்கேல்லையோ?” தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இவ்வளவு காலம் இருந்தவர்களுக்கு ரயில் கேட்பதில்லை. கமராவுக்குக் கேட்டது. அதற்குப் பிறகு, ரயில் வரும் நேரத்தில் படத்தை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணீர் குடித்தோம்.

மாசி முடிவதற்குள் போதிய படங்கள் சேர்ந்தன. அவனுடையதையும் நம்முடையதையும் சேர்த்து அடுக்கினேன். நட்சத்திரங்கள் அழகாகப் பொருந்தின, ஆனால் இடையிடையே கறுத்த வளையங்கள், தேநீர்க் கோப்பை வைத்த கறை போல. கமராவின் கண்ணாடியில் ஒட்டிய தூசியின் நிழல் அது. அதைக் கழிப்பதற்கு, தொலைநோக்கிக் குழாயின் வாயில் வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டி, பகல் வெளிச்சத்தில் சில படங்கள் எடுக்க வேண்டும். நீங்கள் தேவாலயத்தில் முதல்நன்மை வாங்கும் பிள்ளைகளின் சட்டைக்கு வாங்கி வைத்த துணியில் ஒரு துண்டை வெட்டி, சுருக்கமில்லாமல் இஸ்திரி போட்டுத் தந்தீர்கள். இருந்தும் வளையம் போகவில்லை. அவன் அங்கே எடுத்து வைத்திருந்த துணிப் படங்களையும் நம்முடையதையும் நான் ஒன்றாகக் கலந்து கழித்திருந்தேன். அவனுடைய தூசி வேறு, நம்முடைய தூசி வேறு. இரண்டு கணக்கையும் தனித்தனியே முடித்த பிறகுதான் கூட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? ஆவலில் விட்டுவிட்டேன். அவரவர் தூசியை அவரவர் படத்தில் கழித்து, பிறகு சேர்த்தேன்.

மடிக்கணினி நெடுநேரம் யோசித்தது. நீங்கள் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் மனதுக்குள் கந்தனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். படம் திறந்தது.

நீல நிறம், அக்கா. நட்சத்திரங்களைச் சுற்றி மெல்லிய நீலப் புகை, ஊதினால் கலைந்துவிடும் போல. வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தெரிந்த இடத்தில் எண்ண முடியாத கூட்டம்.

“முருகனுக்குப் பால் குடுத்தது ஆறு பேரெண்டெல்லோ சொன்னனீர்? இதென்ன, ஒரு ஊரே நிக்குது.”

“மிச்சம் சொந்தக்காரர், அக்கா.”

சிரித்தீர்கள். பிறகு சிரிப்பு அடங்கிற்று. திரைக்குக் கிட்டப் போய்க் கேட்டீர்கள்.

“இதிலை எது அவன் எடுத்த வெளிச்சம், எது நான் எடுத்தது?”

விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். விட்டுவிட்டேன். “பிரிக்க ஏலாது, அக்கா. எல்லாம் ஒண்டாச் சேந்திட்டுது.”

கண்ணாடியைக் கழற்றிச் சீலைத் தலைப்பால் துடைத்து, திரும்பப் போட்டீர்கள்.

“பிரிக்க ஏலாதோ?”

“ஏலாது.”

“அப்ப சரி,” என்றீர்கள். கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து, “அப்ப சரி, பிள்ளை. தேத்தண்ணி போடும்.”

படத்தை அச்சடித்து, உங்கள் வீட்டில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே மாட்டினீர்கள். இன்னொன்றை எனக்குத் தந்தீர்கள். அது எங்கள் சாமியறையில் முருகனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் இது எந்தக் கோயில் படம் என்று கேட்பார்கள். கொக்குவில் என்று சொல்லிவிடுவேன்.

அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சு நோகிறதென்று ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். திரும்பி வரவில்லை. தொலைநோக்கிச் சாமான் முழுவதும் எனக்கென்று உங்கள் தங்கையிடம் சொல்லியிருந்தீர்கள். இவர்தான் எங்கள் மாடிக்குக் கொண்டு வந்தார். படியில் ஒருதரம் இடிபட்டது. போன கிழமை மூன்று இடங்களைப் படம் எடுத்து மென்பொருளிடம் கேட்டேன். அச்சு சற்றுப் பிசகிவிட்டது என்றது. திருகாணியை இளக்கித் திருத்த வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? முக்காலியின் காலுக்குக் கீழே பலகைத் துண்டு வைத்தேன். இன்னொன்று வைத்தேன். இவர் படியில் நின்று பார்த்தார்.

“கல்லு எடுத்துத் தரட்டோ?” என்றார்.

அப்போதுதான் எனக்கே விளங்கிற்று. சிரிக்கத் தொடங்கினேன், பிறகு மாடியிலேயே இருந்து அழுதேன். இவர் பக்கத்தில் வந்து இருந்தார். இன்று காலை உங்கள் எண்ணெய்ப் போத்தலைத் தேடி எடுத்தேன்.

இதை எழுதி எழுதி மாலையாகிவிட்டது. விளக்கு வைத்து, தேவாரம் பாடிவிட்டு, மேலே போய் வந்தேன். இந்தக் கடைசி வரிகளைத் திரும்பி வந்துதான் எழுதுகிறேன். இவர் பாரத்தைத் தாங்கிப் பிடித்தார், நான் திருகினேன். உங்கள் கை பலமான கைதான், அக்கா. எண்ணெய் ஊறியும் முதலில் விடவில்லை. “விடுங்கோ அக்கா,” என்று சொன்னேன். இளகியது.

இன்று எடுக்கப்போகும் படங்களில், இந்த மாடியின் தூசியை உங்கள் வெள்ளைத் துணியாலேயே கழிப்பேன். அதன் பிறகு அவற்றை உங்கள் இருவருடைய அடுக்கின்மேல் வைப்பேன். கோயிலுக்கும் வீட்டுக்கும் நான் எழுதும் கணக்குகளில் எது யாருடையது என்று பிரிக்காமல் ஒரு வரியும் இருக்காது. பிரித்து எழுதாமல் நான் வைத்திருக்கப்போவது இது ஒன்றைத்தான்.